கோடு சாய்ந்த பக்கம்

ரேடார் திரையில் சுற்றிவரும் பச்சைக் கோடு இடப்பக்கம் வரும்போது மட்டும் லேசாக வளைந்தது.

துறைமுக அறையின் சன்னலை மத்தியான மூடுபனி சுவர்போல அடைத்திருந்தது. வெளியே தம்பியின் படகு. திரைமுன் உட்கார்ந்திருந்த அக்காதான் அவனுக்குக் கண். நீருக்கடியில் கிடக்கும் பாறை ரேடாரில் தெரியாது என்பதால், கண்ணாடிமேல் அதைச் சிவப்புப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார்கள். திரையின் இடப்பக்கம் ஊர்ந்துவரும் அவன் படகின் ஒளிப்பொட்டு அந்தச் சிவப்பைத் தொடாமல் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"என்னக்கா, தூங்கிட்டியா?" என்றது ரேடியோ.

"உன்னை மாதிரியாடா? மெதுவா வா."

திரைக்குழாயின் கழுத்தைச் சுற்றிய கம்பிச்சுருள்தான் எலக்ட்ரான் கற்றையை இழுத்துப் போய் அந்தக் கோட்டை வரைகிறது. பக்கத்தில் வேறு காந்தம் வந்தால் போச்சு. சொந்தக்காரனைக் கண்டதுபோல கோடு அந்தப் பக்கம் சாய்ந்து, பொட்டையும் இடம் மாற்றிக் காட்டிவிடும் என்பார் மெக்கானிக் மாமா. அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வீசினாள்; கத்தரிக்கோலை, திருப்புளியை, வளையலைக்கூட. கோடு நேராகவில்லை. மின்விசிறி ஓடாத அறையில் இடத்தோளில் மட்டும் காற்று சில்லென்று பட, சூடான கம்பியின் வாடையோடு ஈரக் கயிற்றின் வாடையும் மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது.

"அக்கா, அலை உடையற சத்தம் கேக்குது. எந்தப் பக்கம் திருப்ப?"

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். வளைவு கொஞ்சம்தானே. பொட்டு சிவப்பை விட்டு நன்றாகத் தள்ளித்தான் இருந்தது.

"நேரா வாடா. வழி இருக்கு."

கோடு இன்னொரு சுற்று வந்தது. இப்போது வளைவே இல்லை. பொட்டு நடுச்சிவப்பில் இருந்தது.

"நில்லு. டேய், நில்லு."

பலகை பிளக்கும் சத்தம். பிறகு வெறும் இரைச்சல். திரையில் பொட்டு இல்லை.

கோடு மறுபடி வளைந்தது. முன்னைவிட அதிகமாக.

சுருளில்தான் கோளாறு, சுருளில்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே அதற்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். இழுக்கச் சுருள் இல்லையென்றால் கற்றை நேராகப் பாய்ந்து நடுவில் ஒரே புள்ளியாக நிற்கும். நின்றது.

பிறகு நகர்ந்தது. மெதுவாக. இடப்பக்கம். கண்ணாடியின் விளிம்புவரை.

அவள் திரும்பவில்லை. ரேடியோவையும் அணைத்தாள். இடத்தோளில் ஒரு சொட்டு நீர் விழுந்தது. இன்னொன்று.

காதோரமாகத் தம்பி கேட்டான்.

"எந்தப் பக்கம் திருப்ப, அக்கா?"