அகலப் பார்வை

சலூன்காரரும் அவர் மனைவியும் அந்தப் பழைய வீட்டின் கதவைத் தட்டியபோது பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. பழைய தொலைநோக்கிச் சாமான்கள் விற்பவர் அங்கே தனியாகக் குடியிருந்தார். தன் வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கும் தொலைநோக்கிக்கு, வானத்தை அகலமாகக் காட்டும் ஐபீஸ் ஒன்று சலூன்காரருக்கு வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சிறு குழல்தான் எல்லாமே என்பார் அவர்.

வியாபாரி, பின்பக்க முற்றத்தில் நின்ற தன் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். முதலாவதில் நிலா மட்டும் முகத்தில் இடித்தது. அடுத்தது சாவித் துவாரம் வழியே எட்டிப் பார்ப்பது போலிருந்தது. கடைசியில் மாட்டியதில் வானம் ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல் விரிந்தது.

"இதுதான்!" என்றார் சலூன்காரர்.

கண்ணை எடுத்தார். இமை பிசுபிசுத்தது. குழலின் ரப்பர் விளிம்பு ஈரமாயிருந்தது.

"பனிங்க" என்றார் வியாபாரி, முகத்தைப் பார்க்காமல்.

சலூன்காரர் கைக்குட்டையால் துடைத்தார். மஞ்சளாக, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

பீளை.

புண்ணில் பல நாள் கிடந்த கட்டுத்துணியின் நாற்றம். ஊரார் தலையெல்லாம் அளைந்த கை அது. அதுவே கைக்குட்டையைத் தூர நீட்டிப் பிடித்தது.

"கருமம், வேணாங்க. வேற பாருங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

அந்த அகலம் அவரை விடவில்லை. அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தார்.

வட்டத்தின் ஓரத்தில் மயிர்கள் தெரிந்தன. தன் இமைமயிர்தான் என்று எண்ணி, இமைக்காமல் பார்த்தார்.

அவை இமைத்தன.

வெதுவெதுப்பாக, வழவழப்பாக ஏதோ ஒன்று அவர் கருவிழியைத் தடவி உள்ளே போனது.

சுவரோரம் ஓடி வாந்தியெடுத்தார்.

"பாத்துட்டீங்களா?" என்றார் வியாபாரி. குரலில் பதற்றமே இல்லை. பாரம் இறங்கிய நிம்மதிதான் இருந்தது.

எதுவும் வாங்காமல் திரும்பினார்கள். சலூன்காரர் எரிய எரிய வலது கண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மறுநாள் கடையில், வாடிக்கையாளர் ஒருவரின் தொண்டையில் சவரக்கத்தியை வைத்தபோது, வலது கண்ணில் கடை விரிந்தது. கண்ணாடி, நாற்காலிகள், பிறகு, தலையைத் திருப்பாமலே, முதுகுக்குப் பின்னாலிருந்த கதவு.

சோப்பு நுரைமேல் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது.

"அண்ணே... கத்திய எடுங்க."

"ஏன்?"

"உங்க ஒரு கண்ணு மட்டும் தானா மூடி மூடித் தொறக்குதுண்ணே."

கத்தியை மேஜையில் போட்டுவிட்டு, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

கடை இன்னும் தெரிந்தது.