கோயில் கோழிக்குஞ்சுகள்

ஏலம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பேதுரு மாமாவின் குரல் கரகரத்துவிட்டது.

"பூசணிக்காய்! இதைத் தூக்கிக்கொண்டு வந்த மனுசன் நாரி பிடிச்சு, இடுப்பில கையை வைச்சுக்கொண்டு அங்க குந்தியிருக்கிறார், பாருங்கோ! ஆர் கேக்கிறீங்கள்?"

வேப்பமரத்தின் கீழ் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், ஒவ்வொரு வருடமும் கோயில் திருநாளன்றும், கிறிஸ்து பிறந்த நத்தார் நாளன்றும் பூசை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று வரும். தேங்காய் வரும், கருவாடு வரும், வாழைக்குலை வரும். ஒருமுறை கழுத்துக் கயிற்றோடு ஒரு கன்றுக்குட்டிகூட வந்தது. இந்த வருட ஏலப் பணம் முன்பள்ளிக் கூரைக்கு. போன மாரியில் குழந்தைகள் வகுப்புக்குள் குடை பிடித்துக்கொண்டு பாட்டுப் படித்தார்கள்.

பத்து வயது டக்சாயினி, தம்பி ஸ்ரனிஸ்லஸின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். தம்பிக்கு ஐந்து வயது. பெயர்தான் ஆளைவிட நீளம். அவர்கள் வீட்டுப் பத்து முட்டைகளும் மேசையில் ஒரு பனையோலைப் பெட்டியில் இருந்தன. அம்மா கோயிலின் பின்பக்கம் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்கட முட்டைதான் ஆகத் துப்புரவு, என்ன?" என்றான் ஸ்ரனிஸ்லஸ்.

"ஓம்."

"நான்தான் ஈரத்துணியால துடைச்சனான். எல்லாத்திலயும் கறுப்புக் கோடு கிடந்தது."

டக்சாயினி சட்டென்று திரும்பினாள்.

"என்ன கோடு?"

"கரிக்கோடு. ஊத்தையோட கோயிலுக்குக் குடுக்கலாமே?"

"டேய், நீ முட்டையை எங்க எடுத்தனீ? குசினிக்குள்ள, அடுப்படியிலதானே?"

"குசினியில தேடினனான், காணேல்லை. கோழிக்கூட்டுக்குள்ள இருந்தது. செம்பி தவிடு தின்ன வெளியில போனா. நான் எடுத்தன்."

டக்சாயினி மேசையில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள். காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். 'நீ போய் முட்டையை எடுத்து வை' என்று தம்பியை அனுப்பியது அவள்தான்.

அடைக்கு வைக்கும் முட்டைகளில் அம்மா கரியால் கோடு போடுவார். வேறு கோழி வந்து புதிதாக முட்டை இட்டுவிட்டுப் போனாலும் அப்போதுதான் வித்தியாசம் தெரியும். மேசையில் இருந்த பத்து முட்டைகளும் பத்தொன்பது நாட்களாக அடைக்கோழி செம்பியின் வயிற்றுக்குக் கீழே இருந்தவை. இன்னும் இரண்டே நாளில் பொரிக்க வேண்டியவை.

ஒவ்வொரு முட்டையும் கதவில்லாத ஒரு சின்ன அறைபோல அவளுக்குத் தோன்றியது. உள்ளே ஒருவர் முழங்காலை மடக்கிக்கொண்டு, எப்போது வெளியே வரலாம் என்று காத்திருக்கிறார்.

"அடுத்தது ஊர்க்கோழி முட்டை பத்து!" என்று பேதுரு மாமா கத்தினார்.

"ஐந்நூறு!" என்றார் மார்கிறட் அன்ரி. பஸ் நிற்கும் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் அவர்தான். "இண்டைக்குக் கடையில முட்டைக் குழம்பு!"

"அறுநூறு!"

"எண்ணூறு!"

"ஆயிரம்!" என்றார் மார்கிறட் அன்ரி. "இனி ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. அடுப்பில தண்ணி கொதிச்சுக்கொண்டு இருக்கு."

"ஒருதரம்! ரெண்டுதரம்! மூண்டுதரம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அன்ரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் ஸ்கூட்டியை நோக்கி நடந்தார். இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவள் என்று ஊரே சொல்லுமே. அம்மாவைக் கூப்பிட்டு வரவும் நேரமில்லை.

"அன்ரி, நில்லுங்கோ! அந்த முட்டையை அவிக்க வேண்டாம்!"

மார்கிறட் அன்ரி திரும்பிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, கூழ்முட்டையோ?"

"இல்லை அன்ரி. உள்ளுக்க குஞ்சு இருக்கு. தம்பி தெரியாமல் அடைமுட்டையை எடுத்திட்டான். நான் பாக்காமல் கொண்டு வந்திட்டன்."

"அப்ப நல்லதாப் போச்சு, அக்கா! முட்டைக் குழம்பு விலைக்குக் கோழிக் குழம்பு!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு வெடித்தது.

மார்கிறட் அன்ரி சிரிக்கவில்லை. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். அவருடைய கண்கள் பெரிதாயின.

"தட்டுது," என்றார் மெதுவாக. "உள்ளுக்க இருந்து ஆரோ தட்டுகினம்!"

உடனே எல்லோருக்கும் கேட்க வேண்டும். முட்டை வரிசையாகக் காதுக்குக் காது போகத் தொடங்கியது. டக்சாயினி ஓடிப்போய் அதைத் திரும்ப வாங்கினாள்.

பேதுரு மாமா தலையைச் சொறிந்தார். "கோயிலுக்குக் குடுத்ததைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இல்லை. வித்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கமும் இல்லை. பாதர், நீங்கள்தான் சொல்லோணும்."

மேசையருகில் நின்ற பாதர் டக்சாயினியைப் பார்த்தார். "நீ என்ன நினைக்கிறாய், பிள்ளை?"

அவள் கையிலிருந்த முட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அம்மா கோயிலுக்கெண்டு சேர்த்த பத்து முட்டையும் குசினியிலதான் இருக்கு, பாதர். அதை அன்ரிக்குக் குடுக்கிறன். அன்ரி குடுத்த காசு கூரைக்கே இருக்கட்டும்."

"சரி. அப்ப இந்த முட்டை?"

'எங்களுடையது' என்று சொல்லிவிடலாம். யாரும் கோபிக்கப் போவதில்லை.

"இதையும் குடுத்தாச்சுத்தானே," என்றாள் டக்சாயினி. "வாற குஞ்சுகள் கோயிலின்ர. ஆனா, கோயிலிட்ட அடைகாக்கக் கோழி இல்லையே. எங்கட செம்பி காக்கட்டும். நான் வளக்கிறன். நத்தார் வரேக்க பெரிய கோழியளா ஏலத்துக்குக் கொண்டு வாறன்."

"அதுக்குள்ள பருந்து தூக்கினா?" என்று கேட்டார் மார்கிறட் அன்ரி.

"கோயில் குஞ்செண்டு பருந்துக்குத் தெரியாது, அன்ரி. அதால நான்தான் பக்கத்தில நிக்கோணும்."

பாதர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப கெதியா ஓடுங்கோ! இனியும் பிந்தினா முட்டை ஆறிப்போகும்."

அன்ரி தன் புதுச் சால்வையால் பெட்டியைச் சுற்றினார். டக்சாயினி பின்னால் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரனிஸ்லஸ் முன்னால் நின்றான். மணல் வீதியில் குலுங்காமல் போக வேண்டும் என்பதற்காக அன்ரி ஸ்கூட்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டினார். வழியில் ஒரு மாடு அவர்களை முந்திக்கொண்டு போனது.

செம்பி கூட்டு வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. டக்சாயினி முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். உதவி செய்ய நீண்ட ஸ்ரனிஸ்லஸின் கையில் செம்பி ஒரு கொத்துக் கொத்தியது.

"ஆ! எனக்கு மட்டும் ஏன்?"

"அவாக்குத் தெரியும், ஆர் எடுத்ததெண்டு," என்றார் மார்கிறட் அன்ரி. குசினியிலிருந்த பத்து முட்டைகளையும் வாங்கிக்கொண்டு அவர் கடைக்குப் பறந்தார். இந்தமுறை எந்த மாடும் முந்தவில்லை.

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. டக்சாயினி பதினொரு தடவை கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். 'நான் சொல்லத் தயங்கின நேரத்தில முட்டை குளிர்ந்தே போயிருக்குமோ?' என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீ பாத்துக்கொண்டு நிண்டா அது வெக்கத்தில வராது. பள்ளிக்கூடத்துக்குப் போ," என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமை காலையில் செம்பியின் சிறகுக்குள்ளிருந்து 'கீ' என்று ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு அவள் ஓடிவந்தபோது ஒன்பது குஞ்சுகள் நின்றன. பத்தாவது முட்டை மட்டும் அசையவே இல்லை. அதை அவள் முருங்கைமரத்தடியில் புதைத்தாள். ஸ்ரனிஸ்லஸ் ஒரு செவ்வரத்தம் பூவை மேலே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பூசையின் முடிவில் பாதர் அறிவித்தல் வாசித்தார்.

"இந்தக் கிழமை எங்கட கோயில் பங்குக்கு ஒன்பது பேர் புதுசா வந்திருக்கினம். பொறுப்பாளர், டக்சாயினி."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ஸ்ரனிஸ்லஸ் வாங்குப் பலகையில் ஏறி நின்றான்.

"பாதர், அவைக்கு எப்ப ஞானஸ்நானம்?"

கோயில் முழுவதும் சிரித்தது. அம்மா அவனை இழுத்து உட்கார வைத்தார். டக்சாயினியும் சிரித்தாள். ஆனால் அவள் கண் யன்னல் பக்கமே இருந்தது. வெளியே பனைகளுக்கு மேலே ஒரு பருந்து மெதுவாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

பூசை முடிந்து மற்றவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் வீட்டு முற்றத்தில் மூச்சு வாங்க நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழு... எட்டு... ஒன்பது!"