ஆறாவது பாட்டில் ஒரு பெண்குரல்

அந்தப் பெண்மணி உள்ளே வந்ததும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைத் தொட்ட விரல்களைக் கைக்குட்டையால் அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"இதுல ஒருத்தி இருக்கா. அவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறைகளில் தொழில் நடத்திவந்த துப்பறிவாளரை எல்லோரும் பாம்புச்செவியார் என்றே அழைத்தார்கள். அலமாரி நிறைய ஜாஸ் இசைத்தட்டுகள் வைத்திருந்தார், முக்கால்வாசி பியானோ. கூடவே ஒரு மைத்துனர், மனைவியின் தம்பி, நாற்பதைத் தாண்டியவர். இன்சூரன்ஸ் விற்கப் போன வீடுகளில் பாலிசியை விட்டுவிட்டுக் குடும்பச் சண்டைகளைக் கிளறிக் கிளறி விசாரித்ததால் வேலை போனவர். அப்படிப்பட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்குமா என்ன?

"உட்காருங்கம்மா. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் பாம்புச்செவியார்.

"என் வீட்டுக்காரர் ஹோட்டல்ல பியானோ வாசிக்கிறவர். பன்னிரண்டு வருஷமா தவம் கிடந்து இப்பத்தான் முதல் இசைத்தட்டு வரப்போகுது. இது சோதனைக்குப் போட்டுக் குடுத்தது. மொத்தம் ஆறு பாட்டு. அஞ்சுல அவர்கூட டிரம்ஸ்காரரும் பாஸ் கிட்டார்காரரும் இருக்காங்க. ஆறாவது அவர் மட்டும் தனியா வாசிக்கிறது. அந்தத் தனியாவுலதான் ஒரு பொம்பளை முனகுறா!"

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா, மெஷின் சத்தம்ங்கிறார். எனக்குக் காது இல்லையா? மெல்லிசா, கொஞ்சலா, இருபது வயசுக் குரல். ஹோட்டல்ல பாடுறாளே ஒருத்தி, அவளாத்தான் இருக்கும். அதுகூடப் பரவாயில்லைங்க. எனக்கு வயிறு எரியுறது வேற. என்கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்காரு, ஒரு நாளாவது இந்த மாதிரி வாசிச்சிருப்பாரா? அவ பக்கத்துல வந்து உட்கார்ந்தா மட்டும் கை பறக்குது!"

பாம்புச்செவியார் தலையாட்டினார். "எத்தனை தடவை கேட்டீங்க?"

"நாற்பது தடவை இருக்கும்."

"பியானோவையும் கவனிச்சீங்களா?"

"பியானோவை எவ கேட்டா? நான் அவளைத்தான் கேட்டேன்."

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது அந்த இசைத்தட்டு. அதற்குள் அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிட்டால், மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக அவர் முடிவு செய்திருந்தார். பெட்டி கட்டி வைத்தாயிற்று.

"நீங்க பியானோ வாசிப்பீங்களா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒரே மேடையில வாசிச்சவங்கதான். ஒரு வீட்ல ரெண்டு பேர் வாசிச்சா சரிப்படாதுன்னார், விட்டுட்டேன். இப்ப ஒரு பல் டாக்டர்கிட்ட வரவேற்புல இருக்கேன், ஒரு மணி வரைக்கும். மத்தியானம் அவர் ஒத்திகைக்குப் போனப்புறம், பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் சும்மா எதையாவது தட்டிக்கிட்டு இருப்பேன். அதெல்லாம் ஒரு வாசிப்பா?"

முகவரியை எழுதித் தரச் சொல்லிவிட்டுத் துப்பறிவாளர் பேனா தேடினார். தேடி முடிக்க நேரம் பிடித்தது. அதுவரை அந்தப் பெண்மணியின் விரல்கள் மேசை விளிம்பில் ஓடின. தொண்டைக்குள் ஏதோ ரீங்காரம் கேட்டது. அழுகையை அடக்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்து மைத்துனர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பெண்மணி போனபின் ஆறாவது பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். அருமையான வாசிப்பு. இடது கை நிதானமாக நடக்க, வலது கை நினைத்த இடத்துக்கெல்லாம் போய்வந்தது. அதன்கூடவே ஒரு பெண்ணின் முனகல், இழை போலக் கேட்டது.

"கொடுத்து வச்ச ஆளு அத்தான்" என்று பெருமூச்சு விட்டார் மைத்துனர்.

"வாயை மூடிக்கிட்டுக் கேளு. ஜாஸ் வாசிக்கிறவங்க ஆளுக்கு ஒரு பழக்கம் வச்சிருப்பாங்க. ஒருத்தர் உறுமுவார், ஒருத்தர் காலால தரையை உதைப்பார், ஒருத்தர் வேகமா வாசிக்கப் போறதுக்கு முன்னாடி மூச்சை இழுப்பார். வாசிப்பை இன்னொருத்தர் மாதிரி மாத்திடலாம். இதையெல்லாம் மாத்த முடியாது, ஏன்னா பண்றோம்னு அவங்களுக்கே தெரியாது."

பிறகு அவர் ஒரு சுருதிக் குழலை எடுத்து ஊதிப் பார்த்தார். முதல் ஐந்து பாட்டுகளும் சுருதியோடு அப்படியே பொருந்தின. ஆறாவது பொருந்தவில்லை. பியானோவின் எந்தக் கட்டையிலும் சேராமல், இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றது. அவர் இசைத்தட்டுக் கருவியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பியானோ சரியான சுருதிக்கு இறங்கி வந்தது. கூடவே முனகலும் இறங்கியது.

"ஐயையோ, பொண்ணுக்கு வயசு ஏறிடுச்சு அத்தான்!" என்றார் மைத்துனர்.

"முப்பத்தஞ்சு இருக்குமா?"

"தாராளமா."

மறுநாள் காலை ஒலிப்பதிவு நிலையத்துக்குப் போனார்கள். அதன் உரிமையாளரே ஒலிப்பதிவாளர். பியானோவின் கீழே கிடந்த ஒரு தடித்த கம்பளத் துண்டைக் காட்டினார்.

"இது அவருக்குன்னே போட்டது சார். இடது குதிகாலால ஓங்கி ஓங்கி மிதிப்பார். இதைப் போட்டும் லேசாக் கேக்கும், பாருங்க. இல்லேன்னா தச்சுப் பட்டறை மாதிரி ஆயிடும்."

"ஆறாவது பாட்டுல அந்த மிதி கேக்கலையே?"

"அது இங்க எடுத்தது இல்லை. வீட்லயே பதிவு பண்ணிட்டேன்னு டேப்பைக் கொண்டுவந்து குடுத்தார். பிரமாதமா இருந்துச்சு, சேர்த்துட்டேன்."

தெருவில் இறங்கியதும் மைத்துனர் குதித்தார். "வீட்லயே! பொண்டாட்டி பல் டாக்டர்கிட்ட இருக்கிற நேரம் பார்த்து அவளை வீட்டுக்கே வரவழைச்சிருக்கான்! கையும் களவுமா மாட்டினான்!"

"மாட்டிட்டான். ஆனா நீ நினைக்கிற களவு இல்லை" என்றார் பாம்புச்செவியார். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. மைத்துனருக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒலிப்பதிவு நிலையத்தில் கூடினார்கள். கணவர் சுவரோடு சாய்ந்து நின்றார். ஹோட்டல் பாடகி கோபமாக வந்திருந்தாள்.

"எனக்கும் இவருக்குமா? என் ரசனையை என்னன்னு நினைச்சீங்க?" என்று வந்ததும் வராததுமாகக் கத்தினாள். மனைவி அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். அவளுடைய செருப்பு, காதுத் தொங்கல், சின்ன இடுப்பு ஒவ்வொன்றும் அவருக்குத் தனித்தனியாக எரிந்தது.

"சார், ஏதாவது வாசிங்க, புதுசா" என்று கணவரிடம் சொன்னார் துப்பறிவாளர். "நீ கூடவே முனகிக்கிட்டு வாம்மா."

கணவர் வாசித்தார். குதிகால் தொம் தொம்மென்று இறங்கியது. உதடுகள் தைத்தது போல மூடியிருந்தன. பாடகி நன்றாகத்தான் முனகினாள். ஆனாலும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மயிரிழை பின்தங்கியே வந்தாள்.

"போதும். இப்ப எனக்கு இன்னொரு கை வேணும். அம்மா, நீங்க வாசிங்க."

"அவ எதுக்கு?" கணவரின் குரல் உயர்ந்தது. "அவ ஒழுங்கா வாசிச்சே வருஷக்கணக்காச்சு!"

மனைவி தயங்கினார். அப்போது பாடகி லேசாகச் சிரித்தாள். அது போதுமானதாக இருந்தது. பார்த்துக்கொண்டிருப்பவள் அவளாயிற்றே! அவர் கைப்பையை வீசிவிட்டுப் பியானோ முன் உட்கார்ந்தார்.

முதலில் கோபத்தில் தட்டினார். பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இடது கை நிதானமாக நடந்தது, வலது கை நினைத்த இடத்துக்குப் போனது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அந்த முனகல் தொடங்கியது. மைத்துனர் வாயைப் பிளந்தார். பாடகி மெதுவாகக் கைகளைக் கட்டிக்கொண்டாள். கணவர் தரையைப் பார்த்தார். அறையில் அதைக் கேட்காதவர் ஒருவர்தான், அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர் நிறுத்தியதும் ஒலிப்பதிவாளர் அதுவரை பதிவு செய்த டேப்பைத் திரும்பப் போட்டுக் காட்டினார். மனைவி விருட்டென்று எழுந்தார்.

"இவதான்! அதே குரல்! கொஞ்சம் தடிச்சிருக்கு, ஆனா இவதான்! நான் வாசிக்கிறப்பகூட முனகுறியா நீ?"

"நான் வாயே திறக்கலைக்கா" என்றாள் பாடகி. அவள் குரலில் இப்போது கோபம் இல்லை. "அது நீங்கதான்."

பாம்புச்செவியார் நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவியை உட்கார வைத்தார்.

"பக்கத்துல இருந்து கேக்கிறவங்க முனகினா, சத்தம் பியானோவுக்குப் பின்னாடிதான் வரும். இந்தப் பொண்ணு முனகுனதைக் கேட்டீங்க. ஆறாவது பாட்டுல முனகல் முன்னாடி வருது, பியானோ பின்னாடி வருது. அடுத்த சுரம் எதுன்னு அந்த நொடியில ஒருத்தருக்குத்தான் தெரியும், வாசிக்கிறவருக்கு. அப்ப முனகுறவதான் வாசிக்கிறவ. குதிகால் மிதி இல்லாததும் அதனாலதான். வேகத்தைக் கூட்டினது உங்க குரலை மறைக்கிறதுக்கு. மறைச்சதுல குரலுக்கு வயசு குறைஞ்சிடுச்சு. அந்த இருபது வயசுக்காரி மேலதான் நீங்க இத்தனை நாள் பொறாமைப்பட்டீங்க."

"என் வாசிப்பு எனக்கே தெரியாமப் போகுமா?"

"நாற்பது தடவையும் நீங்க அவளைத்தானேம்மா கேட்டீங்க?"

கணவர்தான் வாயைத் திறந்தார்.

"டேப் மெஷினை அலமாரிக்குள்ள ஓட விட்டுட்டு ஒத்திகைக்குப் போவேன். முதல்ல கத்துக்கத்தான் எடுத்தேன், சத்தியமா. ராத்திரி பகலா கேட்டுப் பார்த்தேன். வரலை. அப்ப ஒரே மேடையில வாசிச்சோமே, ஞாபகம் இருக்கா? நான் வாசிச்சு முடிச்சா கைதட்டுவாங்க. நீ உட்கார்ந்தா பேச்சை நிறுத்துவாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நல்லாத் தெரியும். உனக்கு அதுகூடத் தெரியலை, சும்மா தட்டிக்கிட்டு இருக்கேங்கிற! அதைத்தான் என்னால தாங்க முடியலை."

மனைவி அவர் பக்கம் திரும்பினார். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"வேற ஒருத்தி இருந்திருந்தா அவளைத் திட்டித் தீர்த்துட்டு, உங்களை என்னைக்காவது மன்னிச்சிருப்பேன். இதுக்கு நான் யாரைத் திட்டுறது? பெட்டி வாசல்லயே இருக்கு. என் துணியை எடுத்துட்டு உங்க துணியை வச்சுக்கங்க. போகப் போறது நீங்க. பியானோ வீட்லயே இருக்கட்டும்."

கணவர் வெளியே போனார். பாடகி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஆறாவது பாட்டை என்ன பண்றதும்மா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். "நாளைக்கு அச்சுக்குப் போகணும். பெயரை மாத்திடவா?"

"வேண்டாம், எடுத்துடுங்க. அது திருடினது. இந்த அறை நாளைக்குக் காலையில காலியா இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப எனக்கு ஒதுக்கி வைங்க" என்றார் அவர். "வாசிக்கிறது நான்தான்னு தெரிஞ்சே ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கிறேன்."