உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சாவு

காலை ஆறரை மணி. வரவேற்பறை மேசையில் இருந்த சின்னக் கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. அதன் ஜோடி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவர் மாமனார். கப்பலில் இன்ஜின் பார்த்தே வயதானவர். முழங்கால் மக்கர் செய்த பிறகு சின்ன மகள் வீட்டோடு இருக்கிறார். கடலைப் பார்க்காமல் மனிதர் வாடுகிறாரே என்று, கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் மாப்பிள்ளைதான் இந்தக் குட்டிக் கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தார். தொட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஓடிவந்து பார்த்த மாப்பிள்ளைக்கு வாய் தவறிவிட்டது. "மாமா, திரும்பவும் இரை போட்டீங்களா?"

மாமனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கிருந்தே பெரிய மகளுக்குப் போன் செய்தார். "நான் உன் வீட்டுக்கே வந்துடறேம்மா."

பெரிய மகள் போலீஸ் இன்ஸ்பெக்டர். எட்டு மணிக்குச் சீருடையிலேயே வந்து நின்றார்.

"பெட்டி கட்டறது அப்புறம். முதல்ல விசாரணை."

அப்பாவை உட்கார வைத்தார்.

"இரை போட்டீங்களா?"

"ஒரே ஒரு நாள் கூடுதலாப் போட்டேன். மாப்பிள்ளை வேண்டாம்னார். அதோட சரி."

இன்ஸ்பெக்டர் இரை டப்பாவைத் திறந்தார். ஏறக்குறைய விளிம்புவரை இருந்தது. அப்பா பொய் சொல்லவில்லை.

அடுத்தது தங்கை.

"கண்ணாடியை எதை வச்சுத் துடைக்கிற?"

"வெறும் ஈரத்துணி. ஸ்ப்ரே பாட்டிலோட அந்தப் பக்கம் போனா இவர் பார்வையாலயே எரிச்சுடுவார்."

மீன் விற்ற கடைக்காரர் போனில் கிடைத்தார். அதே கூட்டத்து மீன்கள் கடையில் நன்றாகவே இருக்கின்றனவாம். "அம்மோனியா பாத்தாங்களா மேடம்? புதுத் தொட்டியில மீனோட கழிவே நஞ்சாகும். அதான் முதல் எதிரி."

கடைசியாக மாப்பிள்ளை. சமையலறையில் மனைவிக்குத் தக்காளி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடையிலிருந்த ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தே எடுத்தார்.

"அம்மோனியாவைத் தினமும் பாக்கறேன் அக்கா," என்றார். "சின்னக் கண்ணாடிக் குழாய்ல தொட்டித் தண்ணி பிடிச்சு, மருந்துச் சொட்டு விடணும். மஞ்சளா நின்னா நல்லது. பச்சை ஏற ஏற ஆபத்து. இன்னிக்கு வரைக்கும் மஞ்சள்தான்."

அதை யாரும் சந்தேகிக்கவில்லை. மயிரிழை போன்ற சுருள்வில்லைப் பிசகாமல் மாட்டுகிற கை அது.

பேச்சுக்கு நடுவே அவர் போனை எடுத்தார். சார்ஜரின் சிவப்புப் புள்ளி எப்போதோ பச்சையாகியிருந்தது. அதை உற்றுப் பார்த்தவர், "சார்ஜ் ஏறிடுச்சான்னு தெரியலையே" என்று திரையைத் தட்டி எண்ணைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, இப்ப ஒருதரம் சோதிச்சுக் காட்டுங்க."

மாப்பிள்ளை அளந்து, சொட்டு விட்டு, குலுக்கி, காத்திருந்து, குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒட்டிப் பிடித்தார். "மஞ்சள். பூஜ்யம்தான்."

"அப்பா, இங்க வாங்க. இது என்ன நிறம்?"

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பச்சை."

தங்கையும் எட்டிப் பார்த்தாள். பச்சைதான்.

"கொன்னது அம்மோனியா," என்றார் இன்ஸ்பெக்டர். "அதைக் காட்டிக்கொடுக்காம விட்டது உங்க கண்ணு, தம்பி. அளவு சரி, சொட்டு சரி. அதனாலதான் குழாயை வேற யாரும் பாக்கவே இல்லை. நீங்க தக்காளியை நிறம் பாத்து எடுக்கலை, அமுக்கி எடுத்தீங்க. சார்ஜர் விளக்கு மாறினது உங்களுக்குத் தெரியலை. சில பேர் கண்ணுக்கு இந்த நிறமெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். பிறவியிலேயே அப்படி. அது குத்தமில்ல."

தங்கை கணவனையே பார்த்தாள். "அப்ப நம்ம பச்சை சோபாவை மண் கலர்னு சொல்லிட்டிருந்தது கிண்டலுக்கு இல்லையா?"

"அது மண் கலர் இல்லையா?" என்றார் அவர்.

பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, நான் உங்களை..."

"முதல்ல தண்ணியை மாத்துங்க மாப்பிள்ளை. மன்னிப்பு எங்கயும் ஓடிடாது."

வாளியில் உப்புத் தண்ணீர் கலக்கித் தயாராக இருந்தது. தொட்டியில் பாதியை இறைத்துவிட்டுப் புதியதை ஊற்றினார்கள். வாளியை மாப்பிள்ளை தூக்க, ரப்பர் குழாயை மாமனார் பிடித்தார். மதியத்துக்குள் மிச்சமிருந்த மீன் கீழே இறங்கி, மெல்ல நீந்தத் தொடங்கியது.

சாயங்காலம் எல்லோரும் கடைக்குப் போனார்கள். நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டைகளைக் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டார். அதிலும் நிறம்தான் பார்க்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அதை ஒதுக்கி, எண்ணிலேயே அளவு சொல்லும் கைக்கடக்கமான மீட்டரை எடுத்தார். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு, பழைய சொட்டு மருந்திலும் ஒரு பாட்டில் கேட்டார்.

"அது எதுக்கு? மீட்டர்தான் நம்பர் சொல்லுதே."

"மீட்டர் தப்பாச் சொன்னா யாரைக் கேக்கறது அக்கா? மாமா பாப்பார்."

மாமனார் அலமாரியில் இருந்த சிப்பிகளை ஆராய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை சொட்டு விட்டது மாப்பிள்ளை. குழாயை ஜன்னலோரம் பிடித்தது மாமனார். மீட்டர் பிரிக்காத உறையோடு மேசையில் கிடந்தது.

"என்ன மாமா?"

"பொறுங்க." வெகுநேரம் பார்த்தார். "நேத்தைக்கு இன்னிக்குப் பச்சை வெளுத்திருக்கு. ஆனா முழு மஞ்சள் இல்ல. இன்னொரு வாளி மாத்தணும்."

மாப்பிள்ளை எழுந்துபோய் வாளியில் உப்பைக் கலக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் மீட்டரின் உறையைப் பிரித்தார்.