முழங்கால் அளவுத் தண்ணீர்

"யாரைக் கேட்டு கரண்டை நிறுத்தினீங்க?"

தையல்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவசரமாகக் கொடுக்க வேண்டிய மணப்பெண் உடை மிஷினில் பாதியில் நிற்கிறது. தொப்பலாக நனைந்து, அழைக்காமல் கடைக்குள் நுழைந்த எலக்ட்ரீஷியன், மெயினை இறக்கியதோடு விடாமல் ஃபியூஸையும் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். விட்டுவைத்தால் யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள் என்பது அவன் தொழில் அனுபவம்.

"தண்ணியக் கேட்டுதாங்க... தெரு முனைக்கு வந்துருச்சு."

அந்தக் கண்களில் ஒரு சிரிப்பு... அது வேறு அவளைச் சீண்டியது. இனி என் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று பொரிந்து தள்ளினாள். அவன் முகம் சுண்டிப் போனது.

சொல்லி வாய் மூடவில்லை, கதவடியில் தண்ணீர் நுழைந்தது. தரையை ஒட்டியிருந்த ப்ளக் கண்ணெதிரே மூழ்கியது. மோட்டார் மாட்டிய மிஷினின் இரும்பு மிதியில் தன் வெறுங்கால் இருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருவருமாக மிஷினையும் துணிகளையும் மாடியிலிருந்த அவள் வீட்டுக்கு ஏற்றினார்கள்.

உடனே அவன் இறங்கப் போனான். அவள் அப்பாதான் கையைப் பிடித்து நிறுத்தினார். ஓடுகிற தண்ணீரில் குழி எது, ரோடு எது என்று தெரியாது, வடிகிற வரை யாரும் கீழே இறங்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மழை விடாமல் கொட்டியது. அவன் அப்பாவோடு சீட்டாடினான், ரேடியோவைச் சரிசெய்தான்... அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோஷக்காரன். மன்னிப்புக் கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. மழை இருட்டில் ஊசியில் நூல் கோக்க அவள் திணறியபோது, வாங்கிக் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனான்... பேசாமலே. அதற்குப் பிறகு அவளுக்குத் தையல் ஓடவில்லை.

மறுநாள் மழை விட்டது. ஜன்னலில் நின்றவளுக்குக் கீழே ரோடு தெரிந்தது. பின்னால் அவன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். போனால் திரும்ப வரமாட்டான், அது அவளுக்குத் தெரியும்.

"வடிஞ்சிருச்சாம்மா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்லப்பா... இன்னும் முழங்கால் அளவு இருக்கு."

அவன் வந்து எட்டிப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஏங்க பொய் சொல்றீங்க?"

"நேத்து நான் அப்படிப் பேசினது தப்பு..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க போயிட்டா என்னால தாங்க முடியாது. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் குனிந்து, மடித்த பேண்ட்டை மெல்ல இறக்கிவிட்டான்.

"ஆமாங்கய்யா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "இன்னிக்கு இறங்க முடியாதுங்க."