கணினியில் இன்னொருவர்

ரைலி கடைசி எழுத்தைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்ட பிறகும், திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, தூக்கத்தில் நடப்பவனைப் போல வந்துகொண்டே இருந்தன. மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை ஹெட்ஃபோனில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. முன்பெல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். இன்று, டிசம்பர் இருட்டு மூன்று மணிக்கே சன்னலை அடைத்துக்கொண்ட இந்தச் சனிக்கிழமையில், பாதிகூடத் தாண்டவில்லை. போதாததற்கு விசைப்பலகை ஈரமாக வேறு இருந்தது. விரலை முகர்ந்தாள். ஊறிய பிர்ச் இலை வாசனை.

சற்று முன்தான் வீட்டுச் சானாவில், சூட்டுக் கற்களில் நீரூற்றி ஆவி எழுப்பும் மரக் குளியலறையில், பிர்ச் இலைக்கொத்தால் உடம்பில் அடித்துக்கொண்டு வியர்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தாள். கை காயாமல் தொட்டிருப்போம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கை காய்ந்துதான் இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கொழுந்தன் கெய்யோவுக்குப் போன் போட்டாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"எறும்பு மாதிரி ஊருது கெய்யோ."

"வயசாயிடுச்சுல்ல. உனக்கில்ல, பெட்டிக்கு! எத்தனை நாளா இப்படி?"

"ஆறு வாரமா."

"அப்ப புதுசா என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலையே."

"சரியாகலைன்னா நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போயிடறேன். மொத்தமாக் குடைஞ்சு பாத்துடலாம்."

வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னாள். இந்த வீட்டில் கெய்யோ எதையும் குடைவதில் அவளுக்கு விருப்பமில்லை. அவனுடைய அண்ணன், அவள் புருஷன் தவுனோ, ஆகஸ்டில் இங்கேதான், இந்தச் சானாவுக்குள்தான் செத்துப்போனான். குடித்துவிட்டு உள்ளே தூங்கிவிட்டான் என்றாள், ஊர் நம்பியது. சானாக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தள்ளினால் வெளியே திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே போலீஸ்கூட இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நடையில் கிடக்கும் பைன் மர நாற்காலியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு வாரத்துக்கு முன்புதான் அவள் மறுபடி சானா அடுப்பை மூட்டினாள். சனிக்கிழமை ஊரே சானா மூட்டும் நாள், அன்று புகைபோக்கி சும்மா நின்றால் அக்கம்பக்கம் கேட்கும். குளித்து முடித்து வெளியே வரும்போது, எல்லோரும் செய்வதுபோல, கடைசியாக ஒரு அகப்பைத் தண்ணீரைச் சூட்டுக் கற்களில் ஊற்றிக் கதவைச் சாத்தினாள். மனிதர்கள் போன பிறகு குளிக்க வரும் செத்தவர்களுக்கு. கை தானாகச் செய்தது. யாருக்கு ஊற்றினோம் என்பது படுக்கையில் விழுந்த பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு ஊற்றாமல் விடவும் பயமாக இருந்தது. இன்றும் ஊற்றியிருந்தாள்.

"கன்ட்ரோல், ஆல்ட், டெலீட், மூணையும் சேத்து அமுக்கு. எது எவ்வளவு இழுக்குதுன்னு ஒரு பட்டியல் வரும்," என்றான் கெய்யோ.

வந்தது, வெகு நேரம் கழித்து.

"பயனர்கள்னு ஒரு பக்கம் இருக்கும் பாரு. உன் பேர் மட்டும்தானே இருக்கு?"

இரண்டு பெயர்கள் இருந்தன. ரைலி, ஆறு சதவீதம். தவுனோ, தொண்ணூற்றொன்று.

அவள் வாசித்ததும் கெய்யோ சிரித்தான். "அட, அண்ணன் மூடாமலே போயிட்டானா! அதான் இழுக்குது."

"நான் தினமும் அணைக்கறேன் கெய்யோ. அணைச்சா எல்லாம் போயிடும்னு நீதானே சொல்லுவ?"

சிரிப்பு நின்றது. ஒரு கட்டளையைத் தட்டச் சொன்னான். தவுனோ கடைசியாகக் கணினிக்குள் வந்த நேரம் திரையில் விழுந்தது. இன்று, இரண்டு நாற்பது. அவள் சானாக் கதவைச் சாத்திய நேரம்.

"அவன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"அவனுக்குத்தான்."

"ரைலி... நீ தனியாத்தான இருக்க? பேசாம அணைச்சுடு."

அணைக்கப் போனாள். திரை ஒரு செய்தியைக் காட்டியது. இந்தக் கணினியை இன்னொருவரும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அணைத்தால் அவர் செய்துகொண்டிருக்கும் வேலை அழிந்துவிடும்.

அழியட்டும். அழுத்தினாள். திரை அணையவில்லை.

நடையில் ஏதோ தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது. மரக்கால்களின் ஓசை. அந்த ஓசை அவளுக்குத் தெரியும். அன்று அவளே எழுப்பியது. குடிவெறியில் தவுனோ கையை ஓங்கிவிட்டுச் சானாவுக்குள் போனான். அவள் நாற்காலியை இழுத்துச் சானாக் கதவின் கைப்பிடிக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். பத்தே நிமிஷம், வெறி இறங்கட்டும் என்றுதான். அவன் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். மூன்று மருத்துவர்களின் குறிப்புகளை முடித்துவிட்டுக் கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது.

அறை சுடத் தொடங்கியது.

எழுந்து அறைக் கதவைத் தள்ளினாள். வெளியே திறக்கும் கதவு. திறக்கவில்லை. தோளால் மோதினாள். அந்தப் பக்கம் மரம் முனகியது.

"கெய்யோ!"

போனில் இரைச்சல் மட்டும்.

திரையில் எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றாக. விசை எதுவும் அசையவில்லை. சானாவில் அடுத்த அகப்பையை எடுக்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம் மரியாதைக்குக் கேட்கும் கேள்வி. தவுனோ ஒரு முறைகூடக் கேட்காமல் ஊற்றியதில்லை.

இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?

"வேண்டாம்! தவுனோ, வேண்டாம்!"

சீறல். சுவருக்குள்ளிருந்து. கூரையிலிருந்து. நீராவி முகத்தில் அறைந்தது. கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும். மேசையைத் திரும்பிப் பார்த்தாள். ஹெட்ஃபோன் அங்கே இல்லை.

மண்டியிட்டாள். கதவின் அடியிடுக்கில் கண்ணை வைத்தாள்.

நாற்காலியின் கால்கள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு பாதங்கள். சிவந்து, தோல் வழன்று, நீர் சொட்ட, அசையாமல். அவற்றின் நடுவே, மேலிருந்து தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய ஹெட்ஃபோனின் கறுப்புக் கம்பி.