கலங்கல் இல்லாத தண்ணீர்

நிலத்தில் நிறம் வரக்கூடாது. செயற்கைக்கோள் படத்தில் கடலுக்கு மட்டும்தான் கணக்கு. கரையைத் தாண்டினால் எல்லாம் வெறும் கறுப்பு. ஆனால் நேற்றைய படத்தில் கடையம் ஊரின் மேல் ஒரே ஒரு புள்ளி நீலமாக இருந்ததை ஆனந்தவள்ளி இன்று மதியம்தான் கவனித்தாள்.

தூத்துக்குடிக் கடலில் விழும் வெயில் எவ்வளவு சிதறித் திரும்புகிறது என்று பார்த்து, தண்ணீரில் எவ்வளவு வண்டல் கலந்திருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. தென்காசியில் வாடகை வீட்டிலிருந்தே செய்தாள். வெளியே குற்றாலத்துச் சாரல் ஓட்டின் மேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாளாகக் காயாத துணிகளின் நாற்றத்துக்கு நடுவே, இந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத உப்பு வாடை ஒன்று ஜன்னல் வழியாக நுழைந்து கூடத்தில் தங்கிவிட்டது.

உடன் வேலை பார்க்கும் ரிஃபாத்தைப் போனில் கேட்டாள். மேக நிழலாக இருக்கும், அழித்துவிடுங்கள் என்றான். அவளால் நம்ப முடியவில்லை. அந்தப் புள்ளியில் சிதறலே கிட்டத்தட்ட இல்லை. மண் இல்லை, பாசி இல்லை. அவ்வளவு தெளிந்த தண்ணீர் நடுக்கடலில்கூட அபூர்வம்.

அவள் கணவன் முத்துச்செல்வத்துக்குக் கடையத்தில்தான் போலீஸ் வேலை. நேற்றுக் காலை டூட்டிக்குப் போனவன் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. ஸ்டேஷனில் விசாரித்தபோது, மத்தியானமே கிளம்பிவிட்டாரே என்றார்கள்.

இன்றைய படம் இறங்கியது. கடையம் கறுப்பாக இருந்தது. புள்ளி தென்காசிக்கு வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். கோயிலுக்கு மேற்கே. அவர்கள் தெரு.

பைக் சத்தம் கேட்கவில்லை. பூட்ஸ் சத்தமும் இல்லை. அரைக்குடத்தைத் தூக்கி நடக்கும்போது உள்ளே தண்ணீர் அலம்புமே, அந்தச் சத்தம். படி ஏறியது. நின்றது.

“ஏட்டி வள்ளி, கதவத் தொற.”

அவன் குரல்தான்.

அவள் எழவில்லை. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் காளீஸ்வரி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா வந்துட்டாவ.”

பிடிப்பதற்குள் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள்.

காக்கிச் சட்டை நின்றது. காலருக்கு மேல், முகத்தின் வடிவில் தண்ணீர். மீசைகூட இருந்தது, கண்ணாடிபோல. அதற்குள் எதிர்வீட்டுக் கதவு தலைகீழாகத் தெரிந்தது.

அவன் குனிந்து மகளைத் தூக்கினான். அவள் எப்போதும்போல அவன் கன்னத்தில் முகம் புதைத்தாள். மூக்கு உள்ளே போனது. கண்கள் போயின.

உள்ளிருந்து திரும்பி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு குமிழிகூட எழவில்லை.